சைக்கிள் பாதையும் கடைமடையும்

சென்னையில, கோயம்புத்தூர்ல சைக்கிளுக்குத் தனிப் பாதை போடப் போறாங்கன்னு பேப்பர்ல செய்தி வந்தா, எங்க ஊர் டீக்கடையில அன்னைக்குப் பூரா அதுதான் பேச்சு. "நம்ம ரோடு குண்டும் குழியுமா கெடக்கு. அங்க தொந்தி குறைக்க சைக்கிள் ஓட்டுறவனுக்குக் கோடிக்கணக்குல கொட்டுறான் பாரு" என்பார்கள். கேட்க நியாயமாத்தான் தெரியும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்றேன்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன். சைக்கிளைப் பற்றிப் பேச எங்க மாவட்டத்துக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தப்ப, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா, எழுத்தோட சேர்த்து பெண்களுக்கு சைக்கிளும் கத்துக்குடுக்க ஏற்பாடு செஞ்சாங்க. எங்க அக்காவும் அப்பத்தான் கத்துக்கிச்சு. ஊர்ல கேலி பேசாத ஆள் இல்லை. அதுக்கு முன்னாடி பஸ் வர்ற நேரம்தான் அக்காவுக்கு நேரம். கத்துக்கிட்ட பிறகு காய்க் கூடையை கேரியர்ல கட்டிக்கிட்டு, பிள்ளையை முன் பாரில் உட்கார வெச்சுக்கிட்டு தானே கிளம்பிடும். யாரையும் எதிர்பார்க்கலை.

அப்புறம் 2001-02ல ஜெயலலிதா அம்மா ஆட்சியில இலவச சைக்கிள் திட்டம் வந்தது. முதல்ல 11ஆம் வகுப்பு படிக்கிற ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு. 2005-06ல அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளியில மேல்நிலை படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும்னு ஆச்சு. ஆட்சி மாறியும் திமுக அதை நிறுத்தலை. எங்க மகளும் அந்த சைக்கிள்லதான் பள்ளிக்கூடம் போச்சு. நல்ல திட்டம், குறையே சொல்ல மாட்டேன்.

ஆனா சைக்கிள் குடுக்கிற கட்சிக்காரங்க, அது போக வழி விடுறதுன்னா மட்டும் யோசிக்கிறாங்க. காரணம் இருக்கு. சைக்கிளை மேடை போட்டு எம்எல்ஏ கையால குடுக்கலாம், போட்டோ எடுக்கலாம். பாதையை அப்படிக் குடுக்க முடியாது. பாதை வேணும்னா இருக்கிற ரோட்டுல யார்கிட்ட இருந்தாவது இடத்தை எடுக்கணும். கார் நிறுத்துற இடம் போகும். கடைக்காரங்க மனு குடுப்பாங்க. ஆட்டோவுக்குச் சங்கம் இருக்கு, லாரிக்குச் சங்கம் இருக்கு. காலையில ஹெல்மெட் மாட்டி ஓட்டுறவங்களுக்குக்கூட கிளப் இருக்கு. வேலைக்கு சைக்கிள்ல போறவனுக்கு என்ன இருக்கு?

சென்னை மாநகராட்சி 2014லயே ஒரு கொள்கை கொண்டு வந்தது. போக்குவரத்துக்கு ஒதுக்குற பணத்துல குறைஞ்சது 60 சதவீதத்தை நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும் செலவழிக்கணும்னு அதுல இருக்கு. 2019ல பாண்டி பஜார்ல நடைபாதையை அகலமாக்கித் திறந்தாங்க. மகன் வீட்டுக்குப் போனப்ப போய்ப் பார்த்தேன், நடக்க சுகமா இருந்தது. அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு வந்தா, சைக்கிள்காரர் பஸ்ஸுக்கும் நிறுத்தியிருக்கிற காருக்கும் நடுவுல நசுங்கிக்கிட்டுத்தான் போறார்.

அந்த சைக்கிள்காரர் யாருன்னு நினைக்கிறீங்க? எங்க பக்கத்து ஆளுதான். மழை பொய்ச்ச ஒரு வருஷம் ஆடுகளை வித்துட்டு சென்னைக்குப் போன அண்ணன் ஒருத்தர், அங்க ஒரு அடுக்குமாடியில நைட் வாட்ச்மேன். ரூமுக்கும் வேலைக்கும் ஏழு கிலோமீட்டர். பஸ் காசு மிச்சமாகுமேன்னு சைக்கிள். ஒரு நாள் சாயங்காலம் ஓரமா நின்ன காரோட கதவைப் பட்டுன்னு திறந்துட்டாங்க. அண்ணன் தோள்பட்டை எலும்பு முறிஞ்சு ரெண்டு மாசம் படுத்துட்டார். சம்பளம் இல்லை. ஊர்ல அண்ணி நடவுக்கு வெச்சிருந்த பணம் வைத்தியத்துக்குப் போச்சு. அந்த வருஷம் அவங்க ஒண்ணேகால் ஏக்கர் தரிசாக் கிடந்தது. பட்டணத்துல ஒரு கார் கதவு திறந்ததுக்கு இங்க ஒரு வயல் காய்ஞ்சது. டீக்கடையில நான் இதைத்தான் சொல்வேன்: "அது நம்ம ஆளுக்குப் போடுற பாதை, வேண்டாம்னு சொல்லாதீங்கப்பா."

போடுற பாதையையும் ஒழுங்காப் போடணும். எங்களுக்குத் தண்ணி கல்லணைக் கால்வாய்ல வரணும், நாங்க கடைமடை. மேட்டூர் அணையை ஜூன் 12ல திறக்கிறது வழக்கம். பூ தூவுற படம் அன்னைக்கே டிவியில வந்துடும். தண்ணி எங்க வயலுக்கு வர நாளாகும். நடுவுல ஒரு மதகு பழுதானாலும், ஒரு இடத்துல கோரை அடைச்சாலும் எங்களுக்கு வராது. கணக்குல அணை திறந்தாச்சு, அவ்வளவுதான்.

நகரத்து சைக்கிள் பாதையும் இப்படித்தான் ஆகுது. பார்க் ஓரமா ஒரு துண்டு, பெயிண்ட் அடிச்சு திறப்பு விழா. கொஞ்ச தூரம் போனா அது மேலேயே பைக் நிறுத்தியிருக்கும், இன்னும் கொஞ்சம் போனா பாதையே இருக்காது. வாட்ச்மேன் அண்ணனோட ரூம்ல இருந்து அவர் நிக்கிற கேட் வரைக்கும் அறுந்து போகாம வந்தாத்தான் அது பாதை. அவர் தங்கியிருக்கிற ஏரியாவுல எந்த மந்திரியும் வந்து ரிப்பன் வெட்டப் போறதில்லை.

பட்டணத்துல இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க தெருவுல பாதை வந்தா பார்க்கிங் போயிடும்னு நாலு பேர் கையெழுத்து வாங்க வருவாங்க. போடுறதுக்கு முன்னாடி விடிகாலை ஒரு நாள் வாசல்ல நின்னு பாருங்க. பேப்பர் போடுற பையன், டீ கேன் கட்டி வர்றவர், நைட் டியூட்டி முடிஞ்சு போற வாட்ச்மேன்னு வரிசையா சைக்கிள்ல போவாங்க. அவங்களுக்கு மனு எழுத நேரமும் கிடையாது, அந்த ஊர்ல ஓட்டும் பெரும்பாலும் கிடையாது. உங்களுக்கு ரெண்டும் இருக்கு. கவுன்சிலர் வந்தா, பாதை எங்க ஆரம்பிச்சு எது வரைக்கும் போகுதுன்னு கேளுங்க.