செய்தவர் சொல்லும் சொல்: மைசூரு ஈட்டிமரப் பதிப்புத் தொழிலும் அதன் பயிற்றுமுறையும்

ஒரு தொழிலுக்குப் புதிதாக வருபவருக்குக் கூறப்படும் அறிவுரை, கூறுபவர் அத்தொழிலைத் தம் கையால் செய்து பழகியவராக இருந்தால்தான் பயன்படும் என்பதற்கு மைசூருவின் ஈட்டிமரப் பதிப்பு வேலை தெளிவான சான்றாக நிற்கிறது. கருஞ்செம்பழுப்பு நிறமுடைய ஈட்டிமரப் பலகையைக் குடைந்து, அக்குடைவுகளில் வேறு நிற மரத்துண்டுகளைப் பொருத்தி, யானை ஊர்வலம், தேர், தெய்வ உருவம், கிராமக் காட்சி முதலியவற்றை உருவாக்கும் இத்தொழிலை, அதில் ஈடுபட்டோர் 'இன்லே' என்றே வழங்குகின்றனர். புவிசார் குறியீடு பெற்ற இக்கலையின் பட்டறைகள் மைசூருவின் மண்டி மொஹல்லாவிலும் அதைச் சூழ்ந்த தெருக்களிலும் இயங்கி வருகின்றன.

2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டம், தச்சு உள்ளிட்ட 18 தொழில்களைச் சேர்ந்தோருக்கு 5 முதல் 7 நாள் வரை அடிப்படைப் பயிற்சியும், நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகையும், கருவிகள் வாங்க 15,000 ரூபாயும் வழங்குகிறது. இதனால் கைவினைப் பயிற்சி பற்றிய பேச்சு மீண்டும் எழுந்துள்ள வேளையில், பல ஆண்டு உழைப்பால் கைவரும் ஒரு வேலையில் புதியவருக்கு யார் எதைச் சொல்லித்தர இயலும் என்பதை நேரில் அறியும் பொருட்டே இப்பட்டறைகள் பார்வையிடப்பட்டன.

இக்கலையின் பழம்பெருமைக்கு மைசூரு அரண்மனையே சாட்சி. 1897இல் பழைய மர அரண்மனை தீக்கிரையானபின், ஹென்றி இர்வினின் வடிவமைப்பில் எழுந்து 1912இல் நிறைவுற்ற இன்றைய அரண்மனையின் அம்பாவிலாச மண்டபத்தில், தந்தம் பதித்த ஈட்டிமரக் கதவை இன்றும் காணலாம். தந்த வணிகத்தை முடக்கிய 1986, 1991ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு தந்தத்தின் இடத்தை வெளிர்நிற மரங்கள் பிடித்துக்கொண்டன. மஞ்சளுக்குப் பலா, கருமைக்குக் கருங்காலி என்றவாறு, சாயம் ஏற்றாமல் மரத்தின் இயல்பான நிறத்தைக் கொண்டே படம் அமைப்பதில் நல்ல பட்டறைகள் பெருமை கொள்கின்றன.

வேலையின் வரிசை கேட்பதற்கு எளியது. தாளில் வரைந்த படத்தின் பகுதிகளை மெல்லிய மரத்தகடுகளின்மேல் ஒட்டி, கம்பி ரம்பத்தால் அறுத்தெடுத்து, ஈட்டிப் பலகையின்மேல் வைத்து விளிம்பைக் கீறி, கீறிய இடத்தை உளியால் குடைந்து, பசையிட்டுப் பொருத்தி, உப்புத்தாளால் தேய்த்து, முகபாவம், ஆடைமடிப்பு ஆகியவற்றை நுண்கோடுகளாகச் செதுக்கி, இறுதியில் மெருகேற்றுகின்றனர். இவ்வரிசையை ஒரு கையேட்டில் அரைப் பக்கத்தில் அச்சிட்டுவிடலாம். ஆனால் கையேட்டை மனப்பாடம் செய்தவரால் ஒரு யானையின் துதிக்கையைக்கூட முறியாமல் அறுத்தெடுக்க இயலாது.

கம்பி ரம்பம் என்பது வில்போல் வளைந்த சட்டத்தின் இரு முனைகளுக்கிடையே மயிரிழை போன்ற பற்தகட்டை இழுத்துக் கட்டிய கருவி. அத்தகட்டின் இறுக்கம் குறைந்தால் அறுப்பு கோணலாகும். மிகுந்தால் முதல் வளைவிலேயே தகடு அறுந்துவிடும். சரியான இறுக்கம் எது என்பதற்கு எண்ணால் ஆன விடை பட்டறையில் கிடையாது. மூத்த தொழிலாளி தகட்டை விரல்நகத்தால் மீட்டிப் பார்த்து, எழும் ஒலியைக் கொண்டே அதை அறிகிறார். வளைவு வரும்போது ரம்பத்தைத் திருப்பாமல் மரத்தைத் திருப்ப வேண்டும் என்பதைப் புதியவர் சொல்லக் கேட்டவுடன் புரிந்துகொள்கிறார்; எனினும் பல தகடுகள் அறுந்த பிறகே அவருடைய கை அதை ஏற்கிறது. தாமும் அவ்வாறே தகடுகளை முறித்துக் கற்றவர் அருகில் இருக்கும்போது, முறிவு குற்றமாகக் கருதப்படாமல் பாடமாகிறது. அந்தப் பொறுமை, முறித்தறியாத மேற்பார்வையாளருக்கு வாய்ப்பதில்லை.

ஈட்டிமரத்தின் இயல்பிலேயே எண்ணெய்ப் பசை உண்டு. அதைத் துடைத்தகற்றாமல் ஒட்டிய துண்டு நாளடைவில் பெயரும். மரம் ஈரக்காற்றில் விரிந்து வறட்சியில் சுருங்குவது. அவ்விரிவும் நாரோட்டத்தின், அதாவது மரத்தின் இழைகள் செல்லும் திசையின், குறுக்கே மிகுதியாகவும் நெடுக்கே மிகக் குறைவாகவும் நிகழும். எனவே நாரோட்டத்தைப் பாராமல் மழைக்காலத்தில் பொருத்திய துண்டைச் சுற்றிக் கோடையில் இடைவெளி தோன்றக்கூடும். பலாவின் மஞ்சளும் ஆண்டுகள் செல்லச்செல்லப் பழுப்பாகும். இன்றைய பளிச்சென்ற நிறத்தை நம்பிச் சூரியனை அமைப்பவர், பத்தாண்டுக்குப் பின் அது எவ்வாறு தோன்றும் என்பதை அறியார். தம் பழைய வேலை பழுதுபார்க்கத் திரும்பி வந்ததைக் கண்டவரே இதைச் சொல்லத் தகுதியுடையவர். அனுபவம் என்பது செய்தலோடு முடியாமல், செய்ததன் விளைவைக் காலம் கடந்து காண்பதையும் உள்ளடக்கியது என்பது இதனால் விளங்கும்.

அங்குக் கண்ட முதியவர் ஒருவரின் வாழ்க்கை இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். தாய்மாமனின் பட்டறையில் சிறுவனாகச் சேர்ந்து, முதலில் மரத்தூள் பெருக்கி, பிறகு உளி தீட்டி, வெகுகாலம் கழித்தே ரம்பம் பிடித்த அவர், தந்தம் கையாளப்பட்ட காலத்தையும் அது மறைந்த காலத்தையும் பட்டறையிலேயே கடந்தவர். உஸ்தாத், அதாவது ஆசான், என்று இளையோரால் அழைக்கப்படும் அவர், புதியவரிடம் முதலில் பேசுவது வடிவழகைப் பற்றியன்று. மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளச் சொல்கிறார். ஈட்டிமரத் தூள் தோலையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும் தன்மையது என்பதை அவருடைய இருமலே அவருக்குக் கற்பித்திருக்கிறது. தந்தத்தின்மேல் பழகிய கையழுத்தம் மரத்துக்கு ஒவ்வாது என்பதால், பழைய முறைகளில் பலவற்றை அவர் கற்பிப்பதே இல்லை. கைபேசி வழியாகப் பொருள் விற்பது பற்றிக் கேட்கும் இளைஞரை, தமக்கு அது பழக்கமில்லை என்று கூறி, அதைச் செய்துவரும் இளைய தொழிலாளி ஒருவரிடம் அனுப்புகிறார். தமது அனுபவத்தின் எல்லையை அறிந்து, அதற்கு அப்பால் வாய் திறவாதிருப்பதே அறிவுரையாளரின் நேர்மைக்கு உரைகல்.

கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1909இல் வெளியிட்ட இந்தியக் கைவினைஞர் பற்றிய நூலில், மாணவன் பள்ளிப் பயிற்சிகளால் அல்லாமல் பட்டறையின் உண்மையான வேலைகளின் நடுவே வளர்வதன் சிறப்பை எடுத்துரைத்தார். வாய்விட்டுச் சொல்ல இயலாமல் செயலில் மட்டுமே வெளிப்படும் இவ்வகை அறிவுக்கு மைக்கேல் போலானி 1966இல் தத்துவ விளக்கம் தந்தார். இவ்விருவரின் கருத்தும் மண்டி மொஹல்லாவில் அன்றாட நடைமுறையாக இருக்கிறது.

ஆயினும் இத்தகைய அறிவுக்கு உரிய விலை கிடைப்பதில்லை. துண்டுக்கணக்கில், அதாவது செய்து முடித்த பொருளின் எண்ணிக்கைப்படி, கூலி பெறும் ஆசான், ஒரு மணி நேரம் கற்பித்தால் ஒரு மணி நேரக் கூலியை இழக்கிறார். பொருளைக் கையால் தொட்டே பாராத இடைத்தரகர், பயணிகளைக் கடைக்கு அழைத்துவரும் ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் தரகு கொடுத்து, அச்செலவையும் தம் ஆதாயத்தையும் விலையில் ஏற்றுகிறார்; ஏறிய விலையில் பட்டறைக்கு வந்து சேரும் பங்கு மிகச் சிறிது. 1964இல் தொடங்கப்பட்ட கர்நாடக மாநிலக் கைவினைப்பொருள் மேம்பாட்டுக் கழகம் காவேரி விற்பனையகங்களின் வழியாக நேர்ச்சந்தைக்கு ஒரு வாயில் திறந்திருக்கிறது; எனினும் ஒரு வாயில் எல்லாப் பட்டறைகளுக்கும் போதாது. 2017 முதல் ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்ததால், காட்டைக் காக்கும் நியாயமான அந்த ஏற்பாட்டின் ஆவணச் சுமையைச் சிறு பட்டறை தாங்க முடியாமல், ஏற்றுமதியும் வசதியுள்ள வணிகர் வழியே செல்லும் நிலை வலுப்பெறுகிறது. உழைப்பவரின் கையில் இருக்கும் அறிவைக் காசாக்கி, அக்கைக்கு அரைவயிற்றுக் கூலி கொடுப்பது வணிகத் திறமையன்று, அது அநீதி. கலை அழிகிறது என்று மேடையில் வருந்துவோர் முதலில் இவ்வநீதியைப் பற்றிப் பேசுதல் வேண்டும்.

தம் மகனை இத்தொழிலில் சேர்க்கவில்லை என்று அம்முதியவர் கூறியதும் ஓர் அறிவுரையே. சேர்வதற்கு வருபவரிடம் அவர் வருமானத்தை மறைப்பதில்லை. வேலை குறைந்த மாதங்கள் எவை, எந்த வகைப் பொருளில் கூலி தேறும், கண்பார்வை மங்கும் வயதில் என்ன நேரும் என்பனவற்றையெல்லாம் சொல்லி, முடிவை வந்தவரிடமே விடுகிறார். ஊக்கமூட்டும் உரைகளிலும் விளம்பரத் தாள்களிலும் இச்செய்திகள் இடம்பெறுவதில்லை.

ஆதலால், பயிற்சித் திட்டங்கள் பயனளிக்க வேண்டுமாயின், கற்பிப்போர் பட்டறையில் இன்றும் வேலை செய்பவராக இருத்தல் வேண்டும். கற்பிக்கும் நேரத்துக்கு அவர் இழக்கும் கூலிக்குக் குறையாத ஊதியம் தருதல் வேண்டும். பயிற்சியின் அளவை நாள்களால் கணிக்காமல், மாணவன் தானே செய்து முடித்த பொருள்களாலும், ஒரு மழையையும் ஒரு கோடையையும் அவை தாங்கி நிற்பதாலும் கணித்தல் வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. இதை ஒதுக்க மனமில்லாத திட்டம் சான்றிதழ்களை வழங்கலாம், தொழிலாளரை உருவாக்காது.