தவுக்கேயும் தலைமையாசிரியரும்

தோட்டம் விலைபோயிற்று என்னும் செய்தி நம்மவர்க்கு என்றும் கடைசியாகவே எட்டும். கிராணி அறிவார், கடைக்காரர் அறிவார், பால்மரத்தடியில் நிற்பவரோ, அளவைக்காரர் நட்ட எல்லைக்கல்லைக் கண்ட பின்னரே அறிவார். பேராக் மாநிலத்தில் நிலம் வாங்க வந்தோருள் பலர் சீன வணிகராயிருந்தனர். அவர்களோடு நாம் கொண்ட உறவு எத்தகையது, இனிக் கொள்ளவேண்டுவது எத்தகையது என்பதைப் பள்ளியொன்றின் பொறுப்பாளன் என்னும் முறையில் எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

சீனரோடு நமக்குற்ற வாணிக உறவு இன்று நேற்றையதன்று. மலாயாவில் ஈயச் சுரங்கம் நடத்திய சீன முதலாளிகளுக்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடன் கொடுத்து வந்தனர். இருதரத்தாரும் கடல் கடந்து வந்தவர். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. சந்தை மலாய் அவர்களுக்குப் பாலமாயிற்று. தவணை தவறாமை பிணையாயிற்று. ஆயின் அவ்வுறவு கிட்டங்கியின் பெட்டியடியோடு நின்றுவிட்டது. லயத்தில் வாழ்ந்த தமிழனுக்கு அதில் பங்கில்லை.

அதன் விளைவு 1950களில் தெரிந்தது. ஆங்கிலேயக் கும்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. கூட்டாகச் சேர்ந்து வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுவிலைக்கு விற்றனர். வேலையும் வீடும் ஒருசேரப் போயின. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆய்ந்து எழுதினார். வாங்கியோரைக் கொடியவர் என்பது எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. அவர்கள் விற்ற துரையோடு பேசினர். தொழிலாளியோடு பேச அவர்களுக்கு எக்காரணமும் இருக்கவில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டிக் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கியபோதுதான், வாங்குவோர் வரிசையில் தொழிலாளியும் நின்றான். எனினும் எல்லாத் தோட்டங்களையும் நாமே வாங்கிவிட இயலுமோ?

இங்கேதான் பள்ளி வருகிறது. ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு விதித்தது. துரை தம் நிலத்திலேயே பள்ளியைக் கட்டினார். ஆகவே தோட்டத்தை வாங்குபவர், பள்ளி நிற்கும் மண்ணையும் சேர்த்தே வாங்கிவிடுகிறார். பகுதி உதவி பெறும் பள்ளிகள் பலவற்றின் நிலை இன்றும் இதுவே.

வாங்குவோர் இப்போது ஈப்போ தவுக்கே மட்டும் அல்லர். சீனாவிலிருந்தே முதல் வருகிறது. 2017இல் புரோட்டோன் நிறுவனத்தின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கிய ஜீலி, தஞ்சோங் மாலிமில் ஆயிரம் கோடி அமெரிக்க டாலர் முதலிடும் என 2023இல் பிரதமர் அறிவித்தார். ஜொகூரில் கடலைத் தூர்த்து எழுப்பிய ஃபாரஸ்ட் சிட்டியின் வெறிச்சோடிய மாடங்களையும் நாம் பார்த்திருக்கிறோம். வருவோர் யாராயினும் சட்டம் அவர்களை நிறுத்திக் கேள்வி கேட்கிறது. 40 எக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதலின்றி விற்கவோ துண்டாடவோ இயலாது. அயல்நாட்டார்க்கு மாநில அரசின் இசைவும் வேண்டும். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக்கவும் அவ்வரசிடமே செல்லவேண்டும். மனைப்பிரிவு வரைபடம் இறுதியாகுமுன் பள்ளிக்கு இடம் குறிக்கப்பெற வேண்டும். பின்னர்க் கேட்பது கெஞ்சுவதாகவே முடியும்.

எங்கள் பள்ளியைச் சுற்றிய செம்பனைக் காடு கைமாறியபோது, ஈப்போ நிறுவனமொன்றோடு சீனாவிலிருந்து வந்த பங்காளி ஒருவரும் சேர்ந்திருந்தார். நான் அலுவலகக் கதவைத் தட்டவில்லை. அண்மையிலுள்ள சீனப் பள்ளித் தலைமையாசிரியரை நாடினேன். சீனரிடையே அறிமுகமின்றி வருபவரின் சொல்லுக்கு எடை குறைவு. முதற்சந்திப்பில் எதையும் கேட்கலாகாது என்றும், மனுவைவிட ஒரு பக்கக் கணக்கும் ஒரு வரைபடமும் மேல் என்றும் அவர் சொன்னார். அவ்வாறே மாணவர் எண்ணிக்கை, பேருந்து வரும் வழி, கோயில், இடுகாடு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு சென்றேன்.

வந்தவர் எழுந்து நின்று என் தாளை இரு கைகளாலும் வாங்கினார். தலைமையாசிரியரைச் சீனர் அழைக்கும் ‘சியாவ்சாங்’ என்னும் சொல்லால் என்னை விளித்தார். (மேடைகளிற்கூட இத்தனை மதிப்பு நமக்குக் கிடைப்பதரிது!) பள்ளியின் வயதை அவர் கேட்கவில்லை, பத்தாண்டு கழித்து எத்தனை பிள்ளைகள் இருப்பர் என்று கேட்டார். புதிய வீடுகளில் குடியேறும் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தது அது என்றேன். அவர் சிரித்தார், அது தம் கணக்கிலும் வரும் செய்தி என்று மொழிபெயர்ப்பாளராய் அமர்ந்திருந்த சீனத் தலைமையாசிரியர் எனக்கு விளக்கினார்.

கோயில்தான் சிக்கலாகும் என நான் அஞ்சியிருந்தேன். அவர் விரல் இடுகாட்டில் நின்றது. இம்மண்ணில் முதல் மரம் நட்டவர்கள் அங்கே உறங்குகின்றனர் என்றேன். ஏப்ரல் தொடக்கத்தில் முன்னோர் கல்லறையைத் துப்புரவு செய்து படைக்கும் செங் பெங் வழக்கம் உடையவர்க்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. வேலியிட்டு விட்டுவிடலாம் என்றார். ஆங்கிலேயத் துரையிடம் இதைப் புரியவைக்க எத்தனை மனு எழுதியிருக்க வேண்டுமோ!

நான்கு சந்திப்புகளுக்குப் பின்னரே எழுத்தில் கேட்டோம். வரைபடத்தில் பள்ளிமனை தனி நிறத்தில் குறிக்கப்பட்டு, அதன் படியொன்று பள்ளி மேலாளர் வாரியத்தின் கைக்கு வந்தது. கோயிலுக்குச் சாலையோரத்தில் வேறிடம் தர இசைந்துள்ளனர். கோயில் நிருவாகத்தார் இன்னும் ஒருமனப்படவில்லை. திடலின் அகலத்தைப் பற்றிய பேச்சும் முடிந்தபாடில்லை. கால்பந்துக்குப் போதும் என்கின்றனர் அவர்கள். ஓட்டப் பந்தயத்துக்குப் போதாது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.