மூன்றாவது கார்டு

புதுக்கோட்டை கீழ இரண்டாம் வீதியில் மாடியேறிப் போகும் சின்னக் கணினிப் பழுதுபார்ப்புக் கடை. காலை பத்தரைக்கு நான் போனபோது ஆலங்குடித் தம்பி ஒருவர் தன் கணினியைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். வீடு கட்டுகிறவர்களுக்கு எலிவேஷன் படம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். சிங்கப்பூரில் இருக்கும் வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் இங்கே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவார்கள்.

பிளெண்டர் மென்பொருளில் படத்தை ரெண்டர் செய்ய இரண்டு கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தார். வேலை கூடியதும் சென்னை ரிச்சி தெருவில் பழைய கார்டு ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறார். அதோடு சரி. ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை.

“கடைசியா என்ன மாட்டுனீங்க தம்பி?” கடைக்காரரின் முதல் கேள்வி இதுதான். இதை மறைக்கிறவர்களால்தான் பாதி நாள் வீணாகிறது என்றார்.

எத்தீரியம் என்ற மின்னணு நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டு வைத்துத் தோண்டும் வேலை 2022 செப்டம்பர் 15 அன்று நின்றுபோனது. அதுவரை இரவும் பகலும் ஓடிய கார்டுகள் உலகம் முழுக்கப் பழைய சந்தைக்கு வந்தன. தம்பியின் மூன்றாவது கார்டும் அப்படி வந்ததுதான். அதைச் சின்ன ஸ்லாட்டில் மாட்ட ரைசர் என்ற நீட்டிப்பும் உடன் வந்திருந்தது.

கடைக்காரர் ரைசரைத்தான் முதலில் கையில் எடுத்தார். அதற்கு மின்சாரம் கொடுத்த சாட்டா முனை லேசாகப் பழுப்பேறியிருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. ஸ்லாட் வழியாக ஒரு கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான். “வீட்ல ஆள் இல்லாத நேரத்துல ராத்திரி பூரா ரெண்டர் போட்டுட்டுப் போவீங்க. தீப்பிடிச்சா?” தம்பி தலைகுனிந்து நின்றார். கடைக்காரர் ஆறு முள் கேபிளை எஸ்.எம்.பி.எஸ் என்ற மின்வழங்கியிலிருந்து நேராக இழுத்து ரைசருக்குக் கொடுத்தார். அப்போதும் திரை இருட்டுதான்.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தத் தொழிலின் உயிர் என்று எனக்குப் பட்டது. எல்லாவற்றையும் கழற்றினார். ஒரு ரேம், ஒரு கார்டு மட்டும் வைத்து, ஸ்க்ரூடிரைவர் நுனியால் பவர் முள்ளைத் தொட்டார். படம் வந்தது. அந்தக் கார்டை எடுத்துவிட்டு அடுத்தது, பிறகு மூன்றாவது. பொன்முனைகளை ரப்பரால் துடைத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எல்லாம் நல்ல கார்டு, எல்லாம் நல்ல ஸ்லாட். கடையிலிருந்த பெரிய எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கொடுத்தும் பார்த்தார். இரண்டு கார்டு வரை ஓடுகிறது. மூன்றாவதைச் சேர்த்தால் மதர்போர்டின் ஓரத்திலுள்ள நான்கு விளக்குகளில் ‘விஜிஏ’ விளக்கு எரிந்து அப்படியே நின்றுவிடுகிறது. இதற்கே ஒன்றரை மணி நேரம். நடுவில் டீ வந்து ஆறிப்போனது.

“அப்ப எடம் பத்தல” என்றார். கணினி விழித்தவுடன் ஒவ்வொரு கார்டுக்கும் முகவரி ஒதுக்கவேண்டும். பழைய 32 பிட் கணக்கில் முகவரி மொத்தமே 4 ஜிபி. மற்ற உறுப்புகளும் அதற்குள்தான் பங்கு கேட்கும். புதுக்கோட்டைத் திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் நேர்க்கோடாகச் சீரமைத்த வீதிகள் ஜன்னலுக்கு வெளியே தெரிந்தன. அவற்றைக் காட்டிச் சொன்னார்: “ரெண்டாம் வீதியில கதவு நம்பர் தீந்துபோச்சுன்னா, புதுசா வர்றவருக்கு மூணாம் வீதியத் தொறந்துவிடணும்ல சார்?” அந்த மூன்றாம் வீதியின் பெயர் பயாஸில் ‘அபவ் 4ஜி டீகோடிங்’. இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

உடனே அதைத் திறந்துவிடவில்லை. அந்த போர்டில் அதைப் போட்டால் பழைய முறையில் பூட் ஆகும் ‘சிஎஸ்எம்’ வசதியையும் அணைக்கவேண்டும். ஹார்ட் டிஸ்க் பழைய எம்.பி.ஆர் அமைப்பில் இருந்தால் அதன்பிறகு விண்டோஸ் எழாது. ஒற்றைக் கார்டில் விண்டோஸை எழுப்பி, டிஸ்க் புதிய ஜி.பி.டி அமைப்பில்தான் இருக்கிறது என்று பார்த்த பிறகே பயாஸுக்குள் போனார். மாற்றிச் சேமித்து, மூன்று கார்டையும் மாட்டினார். பத்து விநாடி இருட்டு. பிறகு படம் வந்தது. தம்பி “அண்ணே!” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு செட்டிங் மாத்துனதுக்கா இவ்வளவு காசுன்னு கேக்குறவங்கதான் சார் அதிகம்” என்றார் என்னிடம். புதிதாக ஒரு பொருள் போட்டால் கேட்காமல் கொடுக்கிறார்கள், பொருளே தேவையில்லை என்று கண்டுபிடித்தால் பேரம் பேசுகிறார்கள். அதனாலேயே நல்ல கார்டைக் கெட்டது என்று சொல்லிப் பிழைக்கும் நிலைக்குச் சிலர் போய்விடுகிறார்கள் என்று வருத்தப்பட்டார்.

உங்கள் ஊர்க் கடைக்குக் கணினியைக் கொண்டுபோகும்போது, கடைசியாக என்ன மாட்டினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு பொருளும் மாற்றாமல் சரிசெய்து கொடுத்தால், கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.