ஹெட்டை மூடுவதற்கு முன்

"ஹெட் கேஸ்கட் போயிருச்சுங்ணா, மாத்திக் குடுங்க."

சரவணம்பட்டியில் சத்தி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் கார்ப் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். மேஸ்திரி மறுப்பதில்லை. "போனது கேஸ்கட்டுதானுங். அதைப் போக வெச்சது எதுன்னு பாக்கோணுமல்லங்க?" என்று மட்டும் கேட்கிறார்.

நான் போன நாளில் மேடையில் இருந்தது 2000-களில் வந்த ஜெர்மன் கார் ஒன்றின் எஞ்சின். 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர், சூப்பர்சார்ஜர் வைத்தது. பக்கத்து ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறார். கூலன்ட் ஒழுகுவது தெரிந்தும், சூட்டு முள் ஏறியதைப் பார்த்தும், வீடு பக்கம்தானே என்று ஓட்டியிருக்கிறார். ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார்கள்: டிகாஷனில் பால் ஊற்றிய நிறம். ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. ரேடியேட்டர் வாயில் நீல நிறச் சோதனைத் திரவம் உள்ள குழாயை வைத்தபோது அது மஞ்சளாக மாறியது என்றார்கள். எரிந்த வாயு கூலன்ட் பாதைக்குள் நுழைந்ததற்கு அது அடையாளம்.

இந்த எஞ்சினில் கேஸ்கட்டுக்குச் சுமை கூடுதல்; காரணம் சூப்பர்சார்ஜர். டர்போ, புகைக்குழாயில் போகும் வாயுவால் சுழல்கிறது. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது கிராங்கிலிருந்து வரும் பெல்ட். அதனால் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடனேயே சிலிண்டருக்குள் காற்று அழுத்தமாக ஏறிவிடும். சாதாரணப் பெட்ரோல் எஞ்சினில் எரியும் நொடியில் உச்ச அழுத்தம் ஏறத்தாழ 60 பார் என்று வைத்துக்கொண்டால், இதில் 90 பாரைத் தொடலாம். இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 82 மி.மீ. கணக்குப் போட்டால், ஒவ்வொரு வெடிப்பிலும் ஹெட்டை மேலே தூக்கும் விசை 3.2 டன்னிலிருந்து 4.8 டன் ஆகிறது. பெட்ரோல் கலவை தாறுமாறாகத் தானே வெடிக்கும் நாக்கிங் வந்தால் அழுத்தம் அதற்கும் மேலே எகிறும். ஹெட்டைப் பிடித்து வைத்திருப்பவை சில போல்ட்டுகள்தான். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவை அடைக்கும் கேஸ்கட்டின் தனி பலம் அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. போல்ட்டுகள் அமுக்கும் அமுக்கில்தான் அது நிற்கிறது.

1929-இல் வந்த பென்ட்லியின் சூப்பர்சார்ஜர் வைத்த 4½ லிட்டர் காருக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஹெட்டையும் சிலிண்டரையும் ஒரே வார்ப்பாக ஊற்றிவிட்டார்கள். பிரிவே இல்லாத இடத்தில் கசிவு ஏது? ஆனால் வால்வை எடுத்துத் தேய்க்க வேண்டுமென்றால் முழு பிளாக்கையே கழற்ற வேண்டும். வார்ப்படத் தொழிலில் ஊறிய கோவைக்காரர்களிடம் இதைச் சொன்னால் ரசிப்பார்கள். மேஸ்திரி ரசித்தார். "வேலைக்காரனுக்கு ஆகாதுங்" என்று தள்ளியும் விட்டார்.

கழற்றிய ஹெட்டின் மேல் ஸ்ட்ரெயிட் எட்ஜை நீளவாட்டில், அகலவாட்டில், மூலைக்கு மூலை வைத்து அடியில் ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்தார்கள். பல கார்களுக்கு 0.05 மி.மீ. கோணல்தான் எல்லை. இங்கே அதைத் தாண்டிய தகடு தாராளமாக நுழைந்தது. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். இரும்பு பிளாக்கின் மேல் 40 செ.மீ. நீள அலுமினிய ஹெட் உட்கார்ந்திருந்தால், 80 டிகிரி சூடேறும்போது இரண்டும் விரியும் அளவில் மூன்றில் ஒரு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரும். வண்டியை எடுக்கும்போதும் நிறுத்தும்போதும் இந்த இழுபறி நடக்கிறது. அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் திரும்பிப் பழைய மட்டத்துக்கு வராது.

ஹெட் கணபதிக்குப் போனது. எஞ்சின் ரீகண்டிஷனிங் செய்யும் கடைகள் அங்கே இருக்கின்றன. முதலில் தண்ணீர்த் துளைகளை அடைத்து, காற்றை ஏற்றி, சுடுதண்ணீரில் முக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்க்கிறார்கள். குமிழ் வந்தால் கீறல். அந்த ஹெட்டை எவ்வளவு இழைத்தும் பயனில்லை. இது தப்பித்தது. அடுத்து ஃபேசிங், அதாவது முகத்தை இழைத்து மட்டமாக்குவது. மெஷின்காரர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கிறார். அதிகம் எடுத்தால் எரியறை சுருங்கி கம்ப்ரெஷன் ஏறும். சூப்பர்சார்ஜர் எஞ்சினில் அது நாக்கிங்கை வீட்டுக்கு அழைத்து வருவதுதான். பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட்டுக்கு முகம் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். பழைய காலத்துக் கேஸ்கட் மிருதுவானது, கொஞ்சம் சொரசொரப்பைப் பொறுத்துக்கொள்ளும். ஸ்டீல் பொறுக்காது.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது இதற்கெல்லாம் பிந்திய வேலை. புளியம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் பிளாக்கின் போல்ட் துளைகளை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். பழைய கேஸ்கட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்திருந்தான். கிரைண்டரில் எமரி வட்டு மாட்டினால் சீக்கிரம் முடியும். ஆனால் உதிரும் துகள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும், அலுமினிய முகத்திலும் பள்ளம் விழும். துளையின் மரையைப் புதிதாக வெட்டாமல் அழுக்கை மட்டும் எடுக்கும் டேப்பை விட்டு, காற்றடித்து, துணியில் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தான். அடியில் ஆயிலோ தண்ணீரோ தேங்கி நின்றால் போல்ட் இறங்கும்போது அதற்குப் போக இடமிருக்காது, பிளாக்கே வெடிக்கலாம்.

டார்க் ரெஞ்சில் நாம் போடும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து அமுக்கமாக மாறுகிறது. மற்றதெல்லாம் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வில் கரைகிறது. மரையில் அழுக்கிருந்தால் ரெஞ்ச் சரியான எண்ணில் 'டிக்' என்று சொல்லும், ஹெட் இறுகியிருக்காது. அந்தப் பொய்யைக் குறைக்கத்தான் இப்போதைய எஞ்சின்களில் ஓரளவு டார்க் வைத்துவிட்டு, பிறகு இத்தனை டிகிரி திருப்பு என்று சொல்கிறார்கள். போல்ட் கொஞ்சம் நீண்டு, ஸ்பிரிங்காக நின்று இழுக்கும். நீண்ட போல்ட்டை மறுபடி போடக்கூடாது. "பழசே நல்லாத்தானுங் இருக்குது" என்று வாதாடும் கஸ்டமர்களுக்காக, பழையதையும் புதியதையும் மேஸ்திரி பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டுகிறார்.

நடுவிலிருந்து வெளியே, வரிசைப்படி, பல சுற்றுகளில் முடுக்கினார்கள். ஒவ்வொரு போல்ட் தலையிலும் பெயின்ட் புள்ளி. எது திரும்பியது, எது பாக்கி என்று கண்ணுக்குத் தெரிய. அந்த நேரத்தில் பட்டறையில் யாரும் போன் எடுப்பதில்லை.

ரேஸ் வண்டிக்காரர்கள் இன்னும் ஒரு படி போவார்கள்: செப்புத் தகடு கேஸ்கட், சிலிண்டரைச் சுற்றிக் காடி வெட்டி அதில் ஸ்டீல் கம்பி, போல்ட்டுக்குப் பதில் ஸ்டட். கரிவர்தன் இந்த ஊரிலிருந்து ரேஸ் கார்கள் கட்டியவர். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் 2003-இல் ட்ராக் வந்தது. அந்த மரபில் வந்த கைகள் கோவையில் இன்னும் உண்டு. ஆனால் தினமும் ஆபீஸ் போகும் காருக்குச் செப்பு தேவையில்லை என்பது மேஸ்திரியின் தீர்ப்பு, என்னுடையதும். கூலன்ட் கசிவு அதில் எளிதில் அடங்காது. சூப்பர்சார்ஜரின் புல்லியைச் சின்னதாக்கி பூஸ்டை ஏற்றிக்கொண்டு, கேஸ்கட்டைத் திட்டுகிறவர்களுக்கும் அவரிடம் பதில் இருக்கிறது: "கேஸ்கட்டு தாங்கிருச்சுன்னா அடுத்து போறது பிஸ்டனுங்."

பில்லில் கேஸ்கட், போல்ட் செட், ஃபேசிங், கூலி என்று நான்கு வரி இருந்தது. பையன் துளை துடைத்த நேரத்துக்கு வரி இல்லை. கூலியில் பேரம் பேசினால் முதலில் வெட்டுப்படுவது அந்த நேரம்தான்.

உங்கள் வண்டியில் சூட்டு முள் சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள்; மூடியைத் திறக்காதீர்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஹெட்டைக் கழற்றும் நிலை வந்தால், மூடுவதற்கு முன் ஹெட்டிலும் பிளாக்கிலும் ஃபீலர் கேஜ் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், பழைய போல்ட்டுகளைக் கையில் கேட்டு வாங்குங்கள். பட்டறைக்காரர் இன்னும் ஒரு நாள் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.