ஈரத்தில் நிற்கும் வண்டி: வால்பாறையில் ஓராண்டு

மே, கடைசி வாரம்

வால்பாறையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு ஆண்டு பிறப்பது மே கடைசியில்தான். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. எல்லையிலுள்ள மளுக்கப்பாறையைத் தாண்டி மேகம் இந்தப் பக்கம் வந்துசேர அதிக நாள் பிடிக்காது. பிறகு செப்டம்பர் வரை ஊர் நனைந்தே கிடக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஏறத்தாழ 3500 அடி உயரத்தில் இருக்கும் ஊர் இது. பக்கத்திலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று.

இங்கே அன்றாடம் உழைப்பவை டிவிஎஸ் எக்ஸ்எல் 100, ஸ்பிளெண்டர், பிளாட்டினா போன்ற 100 சிசி வண்டிகள். எஸ்டேட் லயனிலிருந்து ஃபாக்டரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் எந்த மாதமானாலும் போய்த்தான் ஆக வேண்டும். மழை ஓயட்டும் என்று அவற்றை ஓரங்கட்ட வழியில்லை. ஓரங்கட்டாததே அவற்றுக்கு நல்லதும்கூட. மழையில் ஓடும் வண்டியைவிட, ஈரத்தோடு நிற்கும் வண்டிதான் சீக்கிரம் கெடும்.

மழைக்கு முந்தைய வாரத்தில் முதலில் பார்க்க வேண்டியது டயர். இருசக்கர வண்டியின் டயரில் பட்டன் ஆழம் 0.8 மி.மீ. இருந்தால் சட்டப்படி போதும். மலைச்சாலைக்கு அந்தக் கணக்கு உதவாது. அதைப்போல் இரண்டு மடங்கு ஆழம் மிச்சமிருக்கும்போதே பின் டயரை மாற்றிவிடுவது நல்லது. அடுத்தது முன் மட்கார்டின் கீழ்முனை. அங்கே ஒரு நீளமான ரப்பர் ஃபிளாப் மாட்டினால், முன் சக்கரம் வாரி இறைக்கும் சேறு இன்ஜின் மேலும் சைலன்சர் வளைவின் மேலும் படியாது. செலவு மிகக் குறைவு, பலன் நான்கு மாதத்துக்கு.

ஜூன், முதல் மழை

பருவத்தின் முதல் மழையில் முதல் அரைமணி நேரம்தான் மிக ஆபத்தானது. கோடை முழுக்கச் சாலையில் படிந்த ஆயிலும் தூசியும் தண்ணீரோடு குழைந்து வழுக்கும். அடைமழையில் அது கழுவிக்கொண்டு போய்விடும், தூறலில் போகாது. ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வழுக்கல் தங்குவது வளைவின் உள்பக்கத்தில். லாரியும் பஸ்ஸும் திணறி ஏறும்போது டீசலும் ஆயிலும் சொட்டும் இடம் அது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டு, ஒரே சீரான ஆக்ஸிலரேட்டரில் வளைவைக் கடக்க வேண்டும். சாய்ந்த வண்டியில் முன் பிரேக்கைப் பிடிப்பதுதான் பெரும்பாலான வழுக்கல்களுக்குக் காரணம். இறங்குகிறவர் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. மழையில் அதற்கு மதிப்பு கூடுகிறது. ஏற்றத்தில் ஈரத் தரையில் நின்றுபோன வண்டியை மறுபடி கிளப்பும்போது பின் சக்கரம் சுழன்று வழுக்கும்.

ஜூலை, நடுப்பகுதி

நாள் கணக்கில் வெயிலே இல்லை. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்ற புகார்தான் இந்த வாரம் ஒர்க்‌ஷாப்களில் அதிகம். கார்புரேட்டர் வண்டி என்றால் பெரும்பாலும் காரணம் பிளக் கேப்பில் இருக்கும். ரப்பர் உறை வெடித்த கேப்பின் உள்ளே ஈரம் இறங்கினால், மின்சாரம் பிளக் முனைவரை போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். கேப்பைக் கழற்றி உள்ளும் புறமும் காய்ந்த துணியால் துடைத்து, பிளக்கின் வெள்ளைப் பீங்கானையும் துடைத்து மாட்டினால் இரண்டு உதையில் கிளம்பிவிடும். இப்படி அடிக்கடி துடைக்க வேண்டியிருந்தால் புதுக் கேப் போட்டுவிடலாம்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு சிறிய வண்டிகளிலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பரவிவிட்டது. சோக் இழுக்கும் வேலை இல்லை. குளிரில் நன்றாகவே கிளம்பும். ஆனால் பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் வேண்டும். பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் கிக்கரை உதைத்தும் பெரும்பாலும் பயனில்லை. பழைய வண்டியில் பேட்டரியே செத்தாலும் உதைத்துக் கிளப்பிவிடலாம். ஆகவே புது வண்டிக்காரர் கவனிக்க வேண்டியது பேட்டரி டெர்மினல். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் வெந்நீரில் நனைத்த பழைய பல் துலக்கியால் தேய்த்து, காயவிட்டு, இறுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும்.

பெட்ரோலில் கலக்கும் எத்தனால் இன்னொரு கவலை. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். இன்ஜினுக்கு முதலில் போவது அந்த அடிமட்டம்தான். டேங்க் மூடியின் ரப்பர் வாஷர் இறுகிப்போய்ச் சுருங்கியிருந்தால் மாற்ற வேண்டும். டேங்கை நிறைத்தே வைத்திருந்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும். 50 ரூபாய்க்கும் 100 ரூபாய்க்கும் பெட்ரோல் போட்டு ஓட்டும் வழக்கத்தை மழைக்காலத்திலாவது விட வேண்டும்.

ஆகஸ்ட், முதல் வாரம்

டிரம் பிரேக்கைத் திறந்து பார்க்க வேண்டிய மாதம். 100 சிசி வண்டிகள் பெரும்பாலானவற்றில் இரு சக்கரத்திலும் டிரம்தான். ஸ்பிளெண்டரில் அது 130 மி.மீ. அளவு. ஓடையாக ஓடும் தண்ணீரைக் கடந்ததும் டிரம்முக்குள் ஈரம் புகுந்து பிரேக் பிடிக்காமல் போகும். மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக அழுத்திப் பிடித்தால் சூட்டில் காய்ந்து பழையபடி பிடிக்கும். தண்ணீர் தேங்கிய இடத்தைத் தாண்டியதும், அடுத்த இறக்கத்துக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றி பிரேக் பிளேட்டை வெளியே எடுத்தால் உள்ளே கிடப்பது தெரியும். ஷூ தேய்ந்த தூள் ஈரத்தோடு குழைந்து கறுப்புச் சேறாக ஓரங்களில் அப்பியிருக்கும். ஷூவின் மேற்பரப்பு பளபளவென்று கண்ணாடி ஏறியிருக்கும். சேற்றைச் சுரண்டித் துடைத்து, ஷூவை உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்க்க வேண்டும். அதோடு மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். முக்கியமான வேலை அதன் பிறகே இருக்கிறது. ஷூவை விரிக்கும் கேம் தண்டு துளைக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கும். பிரேக்கை விட்டாலும் அது முழுதாகத் திரும்பாது. ஷூ உரசிக்கொண்டே இருக்க, டிரம் சுடும், மைலேஜ் குறையும். தண்டை உருவி, துருவைத் தேய்த்து எடுத்து, சூடு தாங்கும் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவித் திரும்ப மாட்ட வேண்டும். ஷூவில் கிரீஸ் பட்டால் அந்த ஷூவைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எக்ஸ்எல் வண்டிக்கு இந்த வேலை இன்னும் அவசியம். கியர் வண்டி இறக்கத்தில் இரண்டாம் கியரில் இன்ஜின் பிடிப்பிலேயே இறங்கும். எக்ஸ்எல்லில் ஒரே கியர், தானியங்கி கிளட்ச். வேகம் குறைந்ததும் கிளட்ச் விடுபட்டு, பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. இரண்டு மூட்டையோடு மலைச்சாலையில் கவர்க்கல்லிலிருந்து அட்டகட்டிக்கு இறங்கும் எக்ஸ்எல்லின் ஷூ, சமவெளியில் ஓடும் வண்டியின் ஷூவைவிட வெகு சீக்கிரம் தேயும். பிரேக் கையில் தேய்மானம் காட்டும் அம்புக்குறி இருந்தால் வாரம் ஒருமுறை அதைப் பார்த்துவிடலாம்.

ஆகஸ்ட், கடைசி வாரம்

செயின். 100 சிசி வண்டிகள் பலவற்றில் செயின் முழு உறைக்குள் ஓடுகிறது. ஈர ஊர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அழகுக்காக உறையைக் கழற்றிவிடும் இளைஞர்கள் ஒரே மழைக்காலத்தில் செயின், ஸ்ப்ராக்கெட் இரண்டையும் மாற்றுகிறார்கள். உறை மூடியிருப்பதால் துரு கண்ணில் படாது என்பதையும் மறக்கக் கூடாது. பார்வைத் துளையின் ரப்பர் மூடியைத் திறந்து, விரலால் செயினை மேலும் கீழும் அசைத்தால் இரண்டு, மூன்று செ.மீ. ஆட வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்.

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் செயினைத் துடைத்து, காயவிட்டு, 90 கியர் ஆயில் விட வேண்டும். மாலையில் ஓட்டி முடித்து, செயின் இளஞ்சூடாக இருக்கும்போது விட்டால் இரவெல்லாம் உருளைகளுக்குள் இறங்கும். காலையில் அவசரமாக விட்ட ஆயில் முதல் மைலிலேயே தெறித்துப் போய்விடும். கழிவு ஆயிலை விடுவது பரவலான வழக்கம், தவறான வழக்கம். அதில் இரும்புத் தூளும், எரிபொருள் எரிந்ததில் பிறந்த அமிலமும் கலந்திருக்கின்றன.

இன்ஜின் ஆயிலையும் இதே வாரம் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். சிறிதளவு ஆயிலில் சேரும். இரண்டு கி.மீ. ஓடி நிற்கும் வண்டியில் இன்ஜின் சூடேறுவதே இல்லை. அந்தத் தண்ணீர் அங்கேயே தங்கி, ஆயில் பால் கலந்த டீயின் நிறத்துக்கு வந்துவிடும். வாரம் ஒருமுறை சோலையாறு அணைவரை நிற்காமல் ஓட்டிவந்தால் ஈரம் ஆவியாகும். ஏற்கெனவே வெளுத்துவிட்ட ஆயிலை மாற்றத்தான் வேண்டும்.

செப்டம்பர்

துருவின் மாதம். இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. அது உரிந்துவிடும் தன்மையுள்ளது. இடுக்குகளில் ஈரத்தைப் பிடித்து வைத்து அடியிலிருக்கும் இரும்பையும் தின்னும். தேட வேண்டிய இடங்கள் கண்ணுக்கு நேரே இருப்பதில்லை. பேட்டரித் தட்டின் அடி, சென்டர் ஸ்டாண்டு சேரும் இடம், மட்கார்டின் உள்விளிம்பு, ஸ்போக் முனைகள், சைலன்சரின் கடைசிப் பகுதி. சைலன்சர் பெரும்பாலும் உள்ளிருந்தே அரிக்கிறது. அடியில் தண்ணீர் வடிய விட்ட சிறு துளையைச் சேறு அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறக்க வேண்டும்.

வாட்டர் சர்வீஸ் விஷயத்தில் நிதானம் வேண்டும். பம்பின் வேகத் தண்ணீரை சக்கர பேரிங்கிலும் ஹேண்டில் கோன் செட்டிலும் நேராக அடித்தால் கிரீஸ் போய் ஈரம் உட்காரும். ஒரு வாளித் தண்ணீரும் துணியும் போதும். கழுவியதும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும்.

நிறுத்தும் இடத்தில்தான் மிகுந்த தவறு நடக்கிறது. நனைந்த வண்டியின் மேல் தார்ப்பாயைத் தரைவரை இழுத்து மூடிக் கட்டுகிறார்கள். தரையின் ஈரமும் வண்டியின் ஈரமும் உள்ளேயே அடைபடுகின்றன. காலையில் டேங்கின் மேல் வியர்த்திருக்கும். மேலே தகரக் கூரை, பக்கங்கள் திறப்பு, கீழே மண்ணுக்குப் பதில் இரண்டு பலகைக் கல். இதுவே நல்ல ஷெட்.

நவம்பர்

மாலை மழை, இடி, பிறகு மூடுபனி. கவர்க்கல் பகுதியில் பட்டப்பகலிலும் பத்தடிக்கு மேல் தெரியாத நேரங்கள் உண்டு. ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுக் கண்ணிலேயே அடிக்கும்; லோ பீம்தான் உதவும். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் முன்விளக்கு எப்போதும் எரிவது இங்கே உண்மையான பாதுகாப்பு. ஹெல்மெட் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு துளி ஷாம்பூவைத் தேய்த்துத் துடைத்தால் ஆவி படியாது. மழைக்கோட்டு சட்டையும் பேன்ட்டுமாக இரண்டு துண்டாக இருக்க வேண்டும். தொங்கும் போர்வை வகை செயினிலோ சக்கரத்திலோ சிக்கும். இருட்டிய பின் யானை நடமாட்டமும் உண்டு. எதிரில் நின்றால் ஹாரன் அடிக்காமல், தூரத்திலேயே நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

ஜனவரி

மழை இல்லை, பனி ஈரம் உண்டு. கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் கேபிள்கள் கனத்தால் மேல்முனையில் ஆயில் விட்டு இறக்க வேண்டும். ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடலாம்.

மார்ச்

பெயின்ட் வேலைக்கு ஆண்டில் கிடைக்கும் ஒரே மாதம். துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, வெளிர் இரும்பு தெரியும்வரை தேய்த்து, வெயிலில் ஒரு பகல் வைத்த பிறகே பிரைமர் பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசிய பெயின்ட் துருவை மூடி மறைக்குமே தவிர நிறுத்தாது. பிரைமர் நன்றாகக் காய்ந்தபின் பெயின்டை மெல்லியதாக இரண்டு பூச்சு பூசலாம். ஏப்ரல் கோடை மழைக்கு முன் இரண்டாவது பூச்சும் இறுகியிருக்க வேண்டும்.