பிறர் செவியில் எஞ்சிய மொழி: கற்றோபாவின் ஒலியும் எழுத்தும் சொல்லும்

1567ஆம் ஆண்டில் ஹுவான் பார்டோ என்னும் ஸ்பானியப் படைத்தலைவன், இன்றைய தென் கரோலைனாவின் கடற்கரையிலிருந்து உள்நாடு நோக்கிப் படை நடத்திச் சென்றபோது, ஹுவான் டி லா பண்டேரா என்னும் நொத்தாரிசும் உடன் சென்றான். வழியிற் கண்ட ஊர்களையும் தலைவர்களையும் பெயர் சுட்டிக் குறித்து வைப்பது அவனுடைய பணி. அவன் குறித்த பெயர்களுள் ‘இஸ்ஸா’ என்பது ஒன்று. ‘கத்தாப்பா’ என்பது மற்றொன்று. 134 ஆண்டுகள் கழிந்தபின், 1701இல், ஜோன் லோசன் என்னும் ஆங்கிலேயர் அந்நிலத்தின் ஊடே பயணஞ் செய்தார். 1709இல் இலண்டனில் அச்சேறிய அவரது பயண நூலில் ‘ஈசோ’ என்றொரு கூட்டத்தாரும் ‘கடபோ’ என்றொரு கூட்டத்தாரும் இடம்பெறுகின்றனர். பிற்கால மொழியியலாளரோ முதற் சொல்லை ‘இஸ்வா’ என எழுதி, ஈற்று ஆகாரத்தின் அடியில் ஒரு சிறு கொக்கியையும் இட்டனர். மூவர் கேட்டதும் ஒரே சொல்லே. அதன் பொருள் ஆறு.

அம்மக்கள் தம்மை ‘யே இஸ்வா’, அதாவது ஆற்று மக்கள், என்று அழைத்துக் கொண்டனர். பிறர் இட்டு நிலைத்த பெயர் கற்றோபா. தென் கரோலைனாவில், றொக் ஹில் நகரை அடுத்து, அவர்தம் பெயரையே தாங்கிய ஆற்றின் கரையில் அவர்கள் இன்றும் வாழ்கின்றனர். ஆயின் அவர்தம் மொழியைத் தாய் மடியிலிருந்து கற்ற எவரும் இன்று இல்லை. அம்மொழிக்கெனப் பண்டைய எழுத்து வழக்கொன்று இருந்ததுமில்லை. இன்று கற்றோபா மொழி என்று சுட்டப்படுவது, அயலார் கேட்டுத் தத்தம் எழுத்திற் குறித்து வைத்தவற்றின் தொகுதியே ஆகும். எனவே அதன் ஒலிகளை ஆராயப் புகுவோன் முதலில் ஆராய வேண்டியது பேசியவர் நாவையன்று, கேட்டவர் செவியையே.

ஆற்றின் பெயரையே மீண்டும் நோக்கலாம். ஸ்பானிய நொத்தாரிசு சகரத்தை இரட்டித்தான். அதன்பின் வந்த, இதழ் குவித்து ஒலிக்கும் வகரத்தை விட்டுவிட்டான். ஆங்கிலேயர் வகரத்துக்குரிய எழுத்தை எழுதினார். ஆயினும் அதனைச் சொல்லின் இறுதியில், உயிரெழுத்தின் பின்னால் வைத்தார். ஆங்கிலத்தில் அவ்விரு எழுத்தும் சேர்ந்து ஓகாரத்தை ஒத்த ஓர் உயிரொலியையே குறிக்கும். தமது மொழியில் இல்லாத ஈற்றுயிர் ஒன்றைக் கேட்டு, அதற்கு அணித்தான எழுத்தைத் தேடியமை அதனாற் புலனாகின்றது. இருவரும் பிழை செய்தனர் என்பதைவிட, இருவரும் தத்தம் தாய்மொழிக்கு உண்மையாக இருந்தனர் என்பதே பொருந்தும்.

‘கத்தாப்பா’, ‘கடபோ’ என்னும் இணையும் இத்தகையதே. மூச்சு வெடித்துச் சேராத வல்லொலியை ஆங்கிலச் செவி அதிர்வொலியாக ஏற்பது பொதுவாகக் காணப்படுவது. ஸ்பானியச் செவிக்கு அத்தடுமாற்றம் இல்லை. ஆதலின் ஒருவன் வல்லொலியெனக் கேட்டதை மற்றவர் அதிர்வொலியெனக் கேட்டார். பார்டோவின் படையோடு தமிழ் நொத்தாரிசு ஒருவன் சென்றிருப்பின் இச்சிக்கலே எழுந்திராது. இரண்டுக்கும் ஓரெழுத்தே போதுமென அவன் எழுதிவிட்டு நடந்திருப்பான்.

கற்றோபாவின் மெய்யொலிகள் எண்ணிக்கையிற் பெரியனவல்ல. ப, த, க, ச, ம, ன, ய, ர, வ ஆகியவற்றை ஒத்தனவும், ஸகர ஹகரங்களும் அங்கு உள்ளன. இதழும் பல்லும் உரசிப் பிறக்கும் ஆங்கில ஒலிகள் இல்லை. எழுதினோரை இடர்ப்படுத்தியவை வேறு மூன்று. ஒன்று, தொண்டையில் மூச்சை ஒரு கணம் அடைத்துத் திறப்பதாற் பிறக்கும் குரல்வளை அடைப்பொலி. ஆங்கிலேயர் இதனைத் தம் பேச்சில் அறியாமலே ஒலிப்பர். ஆயினும் எழுத்தென்று கருதுவதில்லை, ஆதலாற் பழைய பட்டியல்களில் அது பெரும்பாலும் விடுபட்டது. மற்றொன்று உயிரின் குறில் நெடில் வேறுபாடு. மூன்றாவதும் முதன்மையானதும் மூக்கின வழியும் வெளிப்படும் உயிர். இங்கு உயிரும் மெல்லெழுத்தும் அடுத்தடுத்து வருவதில்லை, உயிரே மூக்கொலியாகிவிடும். தமிழகத்தார் பேச்சில் ‘மரம்’ என்னும் சொல்லின் ஈற்று மகரம் இதழ் மூடாமலே உயிரோடு கரைந்து போவதைக் கேட்டவர்க்கு இது விளங்கும். ஈற்று மகரத்தை இதழ் மூடி முழுமையாக ஒலிக்கும் யாழ்ப்பாணத்தார் சற்று முயன்றே அதனைப் பெறவேண்டும்.

நாய் என்னும் பொருளுடைய சொல்லில் அவ்வுயிர் உண்டு. ஆங்கிலம் பேசுவோர் அதனை ‘தான்சி’ என எழுதினர். அங்கே எழுதப்பட்ட னகரம் உண்மையில் ஓர் எழுத்தன்று. மூக்கொலியை எவ்வாறேனும் தாளில் நிறுத்திவிட வேண்டுமென்ற முயற்சி அது. இதே சொல்லுக்கு உறவான ஒன்றை லோசனும் குறித்துள்ளார். அவர் கேட்டது கற்றோபாவிடமன்று. கரையோரத்தில் வாழ்ந்த வொக்கோன் என்னும் கூட்டத்தாரிடம். ஏறத்தாழ நூற்றைம்பது சொற்கள் கொண்ட அவருடைய பட்டியலே வொக்கோன் மொழியில் எஞ்சியுள்ள முழுச் செல்வமாகும். அதில் நாய் ‘தோஹெ’ எனப்படுகின்றது. கற்றோபாவின் ஸகரம் நின்ற இடத்தில் வொக்கோனில் ஹகரம் நிற்கின்றது. லோசன் 1711இல் தஸ்கரோரா மக்களாற் கொல்லப்பட்டார். நிலம் அளப்போரான அவர் போகிற போக்கில் அப்பக்கங்களை எழுதியிராவிடின், வொக்கோன் என ஒரு மொழி இருந்ததென்பதற்குப் பெயரன்றி வேறு சான்று இராது. எழுத்துமுறையிற் குறை காண்போர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சொற்பட்டியல்களிற் பிறிதொரு புதுமையும் உண்டு. 1858இல் அச்சான, புவிச்சரிதவியலாளர் ஒஸ்கார் லீபரின் பட்டியல் தொடக்கம், சுவிற்சர்லாந்திற் பிறந்து அமெரிக்க இனவியற் பணியகத்திற் கடமையாற்றிய அல்பேட் கட்செற் 1881இல் கற்றோபா மக்களிடம் நேரிற் சென்று திரட்டிய சொற்கள் வரை, பக்கம் பக்கமாக ‘ரெ’ என்னும் ஒலியில் முடியும் சொற்கள் வருகின்றன. பட்டியலை மட்டும் காண்போன் இம்மொழியார் ‘ரெ’ ஒலியில் மிக்க விருப்பமுடையவர் போலும் என மயங்கக்கூடும். பின்னரே அதன் உண்மை தெளிவாயிற்று. அது வினையின் ஈற்றில் நின்று, கூற்று நிறைவுற்றது, இது இவ்வாறே உளது என உறுதிப்படுத்தும் விகுதி. கேட்டவர்கள் சொல்லொன்றைக் கேட்டனர். கற்றோபாவினர் விடையாகத் தந்தது வாக்கியம். ‘ஓடுதல்’ என்பதற்குச் சொல் யாது என வினவினால், வெறும் அடிச்சொல்லை அறுத்தெடுத்து நீட்டுவது அவர் மரபன்று. ஒருவன் ஓடுகிறான் என்று முடித்தே கூறுவர். அகராதிக்கென நீட்டப்பட்ட தாளில் அவர்கள் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கற்றோபாப் பதிவுகள் அனைத்திலும் பேசியோரின் குரல் இத்துணைத் தெளிவாகக் கேட்கும் இடம் வேறில்லை எனலாம்.

வினையின் இவ்வமைப்பே அம்மொழியின் உறவையும் காட்டிக் கொடுத்தது. மேற்கே, பெருஞ்சமவெளியில் வழங்கும் சூ மொழிகளோடு கற்றோபாவுக்கு இனத்தொடர்பு உண்டென்பதை முதலில் உணர்ந்தவர் கட்செற். சொற்களை மட்டும் ஒப்பிட்டால் ஒற்றுமை மிகக் குறைவாகவே தோன்றும். 1945இல் பிராங்க் சீபேட் என்பார், தொழிலால் ஒரு வைத்தியர், வினைச்சொல்லின் உறுப்பமைப்பைக் கொண்டு அவ்வுறவை நிலைநாட்டினார். கற்றோபாவும் வொக்கோனும் சூ மொழிகளிலிருந்து மிகத் தொன்மையிலேயே பிரிந்த கிளை என்பதே இன்று அறிஞர் கொள்கை.

இத்துணைத் தொன்மையான கிளை தேய்ந்த வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். 1743இல் கற்றோபாக் கூட்டமைப்பினுள் இருபதுக்கு மேற்பட்ட பேச்சுவகைகள் வழங்கின என வணிகர் ஜேம்ஸ் அடேர் 1775இல் வெளியிட்ட நூலிற் குறிப்பிட்டார். பெரியம்மையாலும் போராலும் சிதைந்த பல குடிகள் ஒன்றிடத்துச் சேர்ந்தமையின் விளைவு அது. 1759இல் மீண்டும் பெரியம்மை பரவியது. 1763இல் அகஸ்ற்றா உடன்படிக்கையின்படி பதினைந்து மைல் சதுர நிலம் அவர்க்கென வரையறுக்கப்பட்டது. 1840இல் அதுவும் கைவிட்டுப் போய், ஈற்றில் 630 ஏக்கர் எஞ்சிற்று. நிலம் குறையக் குறைய ஆங்கிலம் நெருங்கி வந்தது. மட்பாண்டம் வனையும் கலை மட்டும் இவையனைத்தையும் கடந்து நின்றது. சக்கரமின்றி மண்ணைத் திரித்துச் சுற்றி எழுப்பி, ஆற்றுக் கல்லால் தேய்த்து மெருகிட்டு, திறந்த தீயிற் சுட்டெடுக்கும் அவ்வித்தையைத் தாயர் மகளிர்க்குக் கையளித்து வந்தனர். பாண்டத்தை வாங்க ஆள் இருந்தது. சொல்லை வாங்க ஆள் இல்லை.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து மானிடவியலாளர் பிராங்க் ஸ்பெக், எஞ்சிய முதியோரிடம் பல்லாண்டு கேட்டெழுதிய உரைகளை 1934இல் நூலாக்கினார். அவர்க்குப் பொருள் தந்தோருள் சலி கோர்டன், சாம் புளூ இருவரிடமே 1941இல் சீபேட்டும் சென்றார். அவர்கட்கும் நாளாந்த மொழி ஆங்கிலமே. சாம் புளூ 1959இல் மறைந்தார். அதே ஆண்டில், கற்றோபாக் குலத்தின் சட்டநிலையை நீக்கும் சட்டமும் அமெரிக்கக் காங்கிரசில் நிறைவேறி, 1962இல் நடைமுறைக்கு வந்தது.

ஆயினும் ‘கற்றோபாவின் இறுதிப் பேச்சாளர்’ என உலகம் அறிந்தவர் வேறொருவர். செவ்விடிமுகில் எனப் பொருள்படும் ‘றெட் தண்டர் கிளவுட்’ என்பது அவர் கொண்ட பெயர். பாட்டனாரிடமிருந்து மொழியைக் கற்றதாக அவர் கூறிவந்தார். மூலிகை விற்று வாழ்ந்த அவருடைய குரல் ஒலிநாடாவிற் பதிவாயிற்று. 1967இல் மொழியியலாளர் ஹியூபேட் மத்தியூசும் அவரும் இணைந்து ஆய்விதழொன்றில் கற்றோபா உரைகளை வெளியிட்டனர். செய்தி தந்தவர் ஆசிரியராகவும் பெயர் பெற்றமை அக்காலத்தில் அரிது. 1996இல் அவர் இறந்தபோது, ஒரு மொழியே அவரோடு மாய்ந்ததெனச் செய்தித்தாள்கள் எழுதின. 2000ஆம் ஆண்டில் ஐவ்ஸ் கொடார்ட் என்னும் மொழியியலாளர் அவர் வரலாற்றை ஆராய்ந்து, அவர் பிறப்பால் கற்றோபாவினர் அல்லர் என்பதையும், றோட் ஐலண்டில் ஆபிரிக்க அமெரிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர் என்பதையும், நூல்களாலும் முதியோரை அண்டியுமே மொழியைக் கற்றவர் என்பதையும் வெளிப்படுத்தினார்.

இதனை ஒரு வேடத்தின் கலைவு என்று கூறி அமைவது எளிது. பாட்டனார் கதை பொய் என்பதையும், பொய்யால் ஒரு குலத்தின் பெயர் எடுத்தாளப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும் நாடாவில் உள்ள சொற்கள் அதனாற் பொய்யாகிவிடா. பிறர் கவனியாத ஒன்றை இளமையிலேயே தேடிக் கற்று, கேட்போர் எவரும் இலராக ஐம்பது ஆண்டு வரை நாவில் வைத்திருந்தவர் அவர். இன்று றொக் ஹில்லிற் கற்கப் புகும் கற்றோபாச் சிறுவனும், அவரைப் போன்றே, தாளிலிருந்தும் நாடாவிலிருந்தும்தான் கற்கிறான். வேறுபாடு ஒன்றே: சிறுவன் கற்றதைச் சொல்லிப் பார்க்கத் தன் குலத்தார் சூழ இருக்கின்றனர், அவர்க்கு அது வாய்க்கவில்லை.

1993இல் குலத்தின் சட்டநிலை மீண்டது. சீபேட்டின் ஏடுகள் பிலடெல்பியாவில் அமெரிக்க மெய்யியற் கழகத்தின் சுவடிச்சாலையில் உள்ளன. அவற்றிலுள்ள கொக்கியும் அடைப்பொலிக் குறியும் அறிஞர்க்கு இன்றியமையாதன. பொது வழக்கிலோ எளிய ஆங்கில எழுத்துகளே கையாளப்படுகின்றன. வரவேற்போர் ‘தனாக்கே’ என எழுதுகின்றனர்; நன்றி கூறுவோர் ‘ஹாவு’ என எழுதி ஈற்றில் ஒரு ஹகரத்தையும் சேர்க்கின்றனர். கொக்கி அங்கே இல்லை. தாளில் விடுபட்டதைக் கற்பிப்போரின் வாயே நிரப்ப வேண்டியுள்ளது.