கொம்பில் விட்ட இடம்

நுழையும்முன்

விலையையும் பாராட்டையும் கருதாமல் உழவர் தம் ஓய்வுப் பொழுதில் உருவாக்கிய கைப்பொருள்கள் பல. அவற்றைச் செய்தவர் பெயர் எங்கும் பதிவாவதில்லை. மாட்டுக்கொம்பில் செதுக்கப்பெற்ற அத்தகைய பொருள் ஒன்றைப் பற்றிய நினைவே இக்கட்டுரை.

என் மேசைமீது ஒரு மாட்டுக்கொம்பு இருக்கிறது. ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைவான நீளம். அகன்ற அடிப்பகுதியைப் பூவரச மரத்துண்டு அடைத்திருக்கிறது, நுனியில் ஒரு சிறுதுளை, அதற்கொரு மரமூடி. கொம்பின் வளைவெங்கும் நுண்ணிய கோடுகளால் ஆன ஓவியம். இதனைச் செய்தவர் என் தந்தை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

எங்கள் ஊர் பாகூருக்கு அருகில் உள்ளது. புதுவையின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். பாகூர் ஏரி நிறைந்தால் எங்கள் வீட்டுக் குதிரும் நிறையும். எங்களிடம் செவலை, மயிலை என்று இரண்டு உழவு மாடுகள் இருந்தன. மாட்டுப் பொங்கலன்று அவற்றின் கொம்புகளைச் சீவி, காவியும் சுண்ணாம்பும் பூசி, பித்தளைக் குப்பி மாட்டி, கழுத்தில் நெட்டி மாலையும் சலங்கையும் அணிவித்துத் தெருவில் ஓட்டிச் செல்வது என் உரிமை. அந்த ஒருநாள் நான் எனக்கு அரசனாகவே தோன்றுவேன்.

நான் பதினோராம் வகுப்புப் படித்த ஆண்டில், நெல் ஏற்றி வந்த வண்டி ஏரிக்கரைச் சரிவில் குடைசாய்ந்தது. மயிலையின் இடக்கொம்பு நுகத்தடிக்கும் கல்லுக்கும் இடையே சிக்கியது. கொம்பின் மேலுறை அப்படியே கழன்று விழுந்தது. உள்ளிருந்த எலும்பிலிருந்து குருதி வடிந்தது. தந்தையார் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசித் துணி சுற்றினார். பல இரவுகள் தொழுவத்திலேயே படுத்தார். புண் ஆறியது, ஆனால் மயிலை ஒற்றைக்கொம்பனாயிற்று. தரகர் ஒருவர் வந்து அடிமாட்டு விலை சொன்னார். தந்தையார் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கழன்று விழுந்த கொம்புறையை அவர் எறியவில்லை. வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினார். மாட்டுக்கொம்பின் உட்பகுதி எலும்பு. வெளியுறையோ நம் நகத்தைப் போன்று கெரட்டினால் ஆனது. எலும்பு நீங்கிய உறை உள்ளீடற்ற கூடாகும். வெப்பத்தில் சற்று இளகும், ஆறினால் இறுகும், ஈரத்தை உள்ளே விடாது. அவற்றையெல்லாம் நான் பின்னர் நூல்களில் படித்தேன். அவர் தம் விரல்களால் அறிந்திருந்தார். உடைந்த கண்ணாடிச் சில்லால் மேற்பரப்பைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினார். கெட்டியான நுனியைத் தமரூசியால் துளைத்தார். பிறகு கூரிய ஆணியால் நாளுக்கு நான்கு விரற்கடை அளவு செதுக்கினார். கீறிய கோடுகளில் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தபோது ஏரியும் பனைமரமும் கலங்கலும் கருமையாய் எழுந்தன.

ஒருநாள் இரவு கொம்பை என்னிடம் நீட்டினார்.

“தம்பி, இந்த இடத்துல மயிலை பேரை நல்ல எழுத்தா எழுதிக் கொடுப்பா. நான் அதும்மேலேயே செதுக்கிக்கிறேன்.”

“பரீட்சை வருதுப்பா. அப்புறம் எழுதித் தரேன்” என்றேன்.

தேர்வு உண்மைதான். ஆயினும் காரணம் அதுவன்று. அவ்வாண்டுப் பொங்கலுக்கு ஒற்றைக்கொம்பனை ஓட்டிச் செல்ல நாணி, நண்பர்களோடு நகரத்திற்குத் திரைப்படம் பார்க்கப் போய்விட்டேன். எஞ்சிய ஒரு கொம்பிற்கு வண்ணம் பூசி, தந்தையாரே மயிலையைத் தெருவில் ஓட்டிச் சென்றார் என்று அம்மா சொன்னார். அந்த மாட்டின் பெயரை எழுதுவதற்கும் எனக்கு அதே நாணம் இருந்தது. அவர் மறுமுறை கேட்கவில்லை.

கல்லூரி நாள்களில் ஒரு வரலாற்று நூலில் கொம்பின் படம் ஒன்றைக் கண்டேன். துப்பாக்கிக்குரிய வெடிமருந்தை நனையாமல் காக்க மாட்டுக்கொம்பைக் கூடாக்கி இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வது பல நாடுகளில் வழக்கமாக இருந்திருக்கிறது. ஏழாண்டுப் போரின்போது வட அமெரிக்கக் காடுகளில் இருந்த வீரர்கள் அக்கொம்புகளில் ஆறுகளையும் கோட்டைகளையும் தம் பெயர்களையும் கத்திமுனையால் செதுக்கினர். அதே போர்தான் நம் மண்ணிலும் நடந்தது. 1760-இல் வில்லியனூர்க் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1761 ஜனவரியில் புதுச்சேரியே வீழ்ந்தது. கடலுக்கு அப்பால் பெயரறியாத ஒருவன் செதுக்கிய கொம்பும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உருவான கொம்பும் உடன்பிறந்தவை போல் இருந்தன. அவன் தன் கொம்பில் வெடிமருந்தைக் காத்தான். என் தந்தை கீரை விதையையும் கத்தரி விதையையும் காத்தார்.

கைவினைக்குப் பெயர் பெற்றது நம் பகுதி. வில்லியனூர்ச் சுடுமண் கலைக்கும் திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. வில்லியனூரைச் சேர்ந்த சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமி 2020-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானார். ஒடிசாவின் பரலாகெமுண்டியில் கொம்பைக் கொக்காகவும் இறாலாகவும் வடிக்கும் கலைஞர்கள் உள்ளனர். என் தந்தையின் கொம்பு அவற்றுள் எதிலும் சேராது. ஒரே ஒரு பொருளைச் செய்து, அத்தோடு நிறுத்திக்கொண்டவர் அவர்.

அவர் மறைந்தபின் பரணைத் தூய்மை செய்தபோது கொம்பு கிடைத்தது. உள்ளே ஒரு பிடி கீரை விதை இருந்தது. கொம்பைத் திருப்பிப் பார்த்தேன். ஏரிக்கரையில் இரண்டு மாடுகள்; அவற்றுள் ஒன்றற்கு ஒரே கொம்பு. அதன் காலடியில் மட்டும் எதுவும் செதுக்கப்படாத இடம். மூன்று எழுத்துகள் அமையும் அகலம். நான் எழுதித் தருவேன் என்று அவர் காத்திருந்த இடம் அது.

முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். என் கையெழுத்தை அழகென்று மாணவர் சொல்வதுண்டு. சென்ற பொங்கலன்று அந்த இடத்தில் ‘மயிலை’ என்று பென்சிலால் எழுதி, ஆணியை எடுத்துச் செதுக்கத் தொடங்கினேன். கொம்பின் வளைவில் ஆணி நழுவியது. ‘ம’ கோணிற்று, ‘யி’ சுழியில் கீறல் விழுந்தது, ‘லை’ முடிவதற்குள் விரல் கன்றிப்போயிற்று. அவருடைய கோடுகளுக்கு நடுவே என் எழுத்து முதல் வகுப்புப் பிள்ளையின் எழுத்துப்போல் நிற்கிறது.

அதை நான் திருத்தவில்லை. கொம்பிலிருந்த விதைகளுள் சிலவற்றைக் கொல்லையில் தூவினேன். பழைய விதை, பெரும்பாலானவை முளைக்கவில்லை. நான்கைந்து முளைத்தன. அவை விளைந்து தந்த விதையைத்தான் இப்போது கொம்பில் இட்டு வைத்திருக்கிறேன்.